பெயரை மாற்றினால் எம்பி3 ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் ஸ்டீரியோவில் பாடாத கோப்பின் பெயரில், புள்ளிக்குப் பின் உள்ளதை அழித்துவிட்டு ‘எம்பி3’ என்று போட்டால் பாடும் எனச் சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் சொல்லியிருந்தீர்கள். பாடாது. பெயர்தான் மாறுகிறது, உள்ளே இருப்பது அப்படியே இருக்கிறது. கணினியில் பாட்டும் படமும் இயக்கும் விஎல்சி என்ற மென்பொருள் அதைப் பாடிவிடுவதால்தான் இந்த நம்பிக்கை பரவியிருக்கிறது. விஎல்சி பெயரை நம்பாமல் உள்ளே என்ன வகை என்று பார்த்துக்கொள்கிறது.

128 கிலோபிட் பாட்டை 320 ஆக மாற்றினால் தரம் கூடும் என்றும் எழுதியிருந்தீர்கள். ஒரு நொடி ஒலிக்குச் செலவாகும் தரவின் அளவு அது; பிட்ரேட் என்பார்கள். சிடியில் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு தடம். ஆக நொடிக்கு 1,411 கிலோபிட், நிமிடத்துக்குப் பத்து மெகாபைட்டுக்கு மேல். 128 கிலோபிட் எம்பி3 அதே நிமிடத்தை ஒரு மெகாபைட்டுக்குள் அடக்குகிறது. உரத்த ஒலி கேட்கும் கணத்தில் அதை ஒட்டிய மெல்லிய ஒலிகள் நம் காதில் விழுவதில்லை; அவற்றைத்தான் முதலில் கழிக்கிறது. கழித்ததை எந்த மென்பொருளும் திரும்பக் கொண்டுவராது. 320 ஆக்கினால் கோப்பு இரண்டரை மடங்கு பெருக்கும்; இரண்டாம் முறை கழிவதால் ஒலி சற்றுக் கெடவும் கூடும். குறைந்த பிட்ரேட்டில் ஜால்ரா கரகரக்கும், கடத்தின் அடி விழுவதற்குச் சற்று முன்பே மங்கலான சலசலப்பு கேட்கும். சந்தேகமுள்ளவர்கள் தனி ஆவர்த்தனத்தில் சோதிக்கலாம்.

சொந்த சிடிகளைக் கணினியில் ஏற்றுகிறவர்கள் ஃபிளாக் என்ற கோப்பு வகையில் வைத்துக்கொள்வது நல்லது. அது எதையும் கழிப்பதில்லை, ஜிப் போல மடித்து வைக்கிறது. சிடி அளவில் ஏறக்குறையப் பாதி ஆகும். காருக்கு வேண்டிய எம்பி3யை அதிலிருந்து எடுக்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவு ஓபஸ் வகை. பல கார் ஸ்டீரியோக்களுக்கு அது தெரியாது.

இப்படிப் பாடாத கோப்பை எம்பி3 ஆக மாற்றும் வழி இது. விஎல்சியின் ‘மீடியா’ மெனுவில் ‘கன்வர்ட்/சேவ்’. ‘ஆட்’ அழுத்திக் கோப்பைச் சேர்த்து, கீழே உள்ள ‘கன்வர்ட்/சேவ்’ பொத்தானை அழுத்துங்கள். ‘ப்ரொஃபைல்’ பட்டியலில் ஆடியோ எம்பி3. பக்கத்திலுள்ள ஸ்பேனர் படத்தில் பிட்ரேட்டை 192 அல்லது 256 ஆக்கலாம். சேமிக்கும் இடத்தைக் காட்டி ‘ஸ்டார்ட்’. மூலக் கோப்பின் பெயரையே கொடுத்துவிடாதீர்கள், அதன் மேலேயே எழுதிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் பாடாவிட்டால் பென் டிரைவைப் பாருங்கள். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ளவை பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் (கோப்புகளை டிரைவில் அடுக்கி வைக்கும் ஒரு முறை) வருகின்றன. பழைய ஸ்டீரியோக்கள் பலவும் ஃபேட்32 என்ற முறையில் உள்ளதை மட்டுமே படிக்கும். 32 ஜிபி வாங்கி ஃபேட்32இல் ஃபார்மேட் செய்வது எளிது (உள்ளே இருப்பதெல்லாம் அழியும், முதலில் நகல் எடுங்கள்). சில ஸ்டீரியோக்கள் பெயர் வரிசையைப் பார்க்காமல், நகலெடுத்த வரிசையில்தான் பாடும். கச்சேரியில் மங்களம் முதலில் வந்தால் காரணம் அதுதான்.

அடுத்த இதழில் அந்த இரண்டு யோசனைகளுக்கும் திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை