எல்லையோரம் ஓடினால் யாருக்கு என்ன நட்டம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பிள்ளை எல்லையோரமாக ஓடித் திரிகிறது, கேட்டால் கலை என்று வேறு சொல்கிறது என்று டவுனில் கடைக்குக் கடை சிரிக்கிறார்கள். அந்தப் பிள்ளை என் அக்காவின் மகள். அதனால்தான் எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிக்கிறாள், கடைசி வருடம். லீவுக்கு வந்தவள், "நம்ம தோட்டத்து டிவிசன் எல்லையை ஒரு சுத்து ஓடி, ஓடுன வழி போன் மேப்ல கோடா விழுமே, அதை வச்சுப் படம் செய்யப்போறேன் மாமா" என்றாள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான். அவள்தான் சொன்னாள், ரிச்சர்ட் லோங் என்ற ஆங்கிலேயக் கலைஞர் 1967இல் புல்வெளியில் ஒரே நேராகப் போய்ப்போய் வந்து, கால் பட்டு விழுந்த கோட்டைப் போட்டோ எடுத்து அதையே படைப்பாக வைத்தாராம். சரி, அவ்வளவு தூரம் எதற்கு, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மலையக மக்கள் நடந்தார்களே, பாட்டன் பூட்டன் வந்த வழியைக் காலால் வரைந்ததுதானே அதுவும்.

அவள் ஓடிய அன்று விடிய நானும் பின்னால் போனேன் (ஓடவில்லை, மூச்சு வாங்க நடந்தேன், பாதியிலேயே திரும்பிவிட்டேன்). எல்லை என்றதும் கம்பிவேலியை நினைக்காதீர்கள். கொஞ்ச தூரம் தண்ணீர்க் கான், அப்புறம் டர்பன்டைன் மர வரிசை, அப்புறம் ஆறு, ஒரு மூலையில் கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலை மரமாகவே வளர்ந்து நிற்கிறது, அதற்கடியில் மானாப்புல் மூடிய எல்லைக்கல். சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போயும் அட்டை விடவில்லை.

போனில் விழுந்த கோட்டை அவள் அம்மாயி கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டிய பழைய படங்கில் சிவப்பு நூலால் தைத்தாள். 38 வருடம் கொழுந்தெடுத்த என் அம்மா மேப் எதையும் கையில் எடுத்துப் பார்த்தவர் இல்லை. படங்கை மடியில் விரித்து, நூல் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தி, "இது பதினோராம் நம்பர் மலை, இங்க தண்ணிப் பீலிக்கிட்ட ஒரு வளைவு வரும், அதை விட்டுட்ட" என்றார். மறுநாள் அந்த வளைவை ஓடிவிட்டு வந்து, தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்தாள்.

அடுத்த டிவிசனையும் ஓடலாம் என்று இறங்கிய அன்றுதான் வாச்சர் மறித்தார். துரையிடம் கேட்டாயா, யார் அனுப்பியது, இனி இந்தப் பக்கம் வரக்கூடாது. கண்டியிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு மேல் பெக்கோ ட்ரெயில் என்று பாதை இருக்கிறது, தேயிலை மலைகளுக்கு நடுவால் வெளிநாட்டவர்கள் கம்பு ஊன்றிக்கொண்டு போகிறார்கள். வரட்டும், கடைக்காரருக்கும் நாலு காசு. ஆனால் அவர்களிடம் கேட்காத கேள்வியை இங்கேயே பிறந்த பிள்ளையிடம் ஏன் கேட்க வேண்டும்? கொழுந்தைக் கிள்ளினாளா, மரத்தை வெட்டினாளா? நிர்வாகங்கள் இதற்கு ஒரு பதில் சொன்னால் நல்லது.

டிவிசனைச் சுற்ற அவளுக்கு இரண்டரை மணித்தியாலம் ஆனது. மறித்த அன்று பின்னேரம், வீட்டுத் திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த 7 பேர்ச்சஸ் காணியைச் சுற்றி ஓடினாள். கோழிக்கூட்டைத் தாண்டிப் போயும் இருபது செக்கன். அதையும் அதே படங்கில், அதே அளவுக் கணக்கில் தைத்து வைத்திருக்கிறாள். மிளகளவு இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொகவந்தலாவை.