நிறத்தை நம்பாதே, கணுவை எண்ணு

மணி,

இத்தனை நாள் எழுதாததற்கு நீ திட்டுவாய், திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். சேகரைப் பற்றித்தான் உன்னிடம் புலம்ப வேண்டும்.

அவன் தோட்டத்தில் திராட்சை பூத்திருக்கிறது. பூங்கொத்தை வெள்ளைத்தாளின் மேல் தட்டினான், மஞ்சளாய்ச் சில இலைப்பேன்கள், அதாவது த்ரிப்ஸ் என்கிற பொடிப்பூச்சிகள், ஓடின. "மஞ்சளா? வெங்காய இலைப்பேன்தான், மருந்தடிச்சுடலாம்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டான். நிறத்தை வைத்தே பெயர் சொல்கிறான், பார்!

மேற்கத்திய மலர் இலைப்பேன் ஒன்றே வெளிர் மஞ்சளிலும் வரும், கரும்பழுப்பிலும் வரும். அதனால் சிலவற்றைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, ஆல்கஹாலில் நீரிறக்கி, கனடா பால்சம் என்கிற பிசினில் ஸ்லைடு போட்டேன். உணர்கொம்பில் எட்டுக் கணு. வெங்காய இலைப்பேனுக்கு ஏழுதானே? திராட்சை இலைப்பேன் என்றே பெயர் வாங்கிய டிரெபனோத்ரிப்ஸ் ராய்ட்டெரிக்கு ஆறு. அதுவும் இலையில் வாழ்கிற ஜாதி. முன்மார்பின் முன்விளிம்பிலும் நீண்ட முடிகள். எட்டாம் வயிற்றுக் கண்டத்தின் பக்கவாட்டுச் சீப்பு (சீப்புப் பல் போன்ற நுண்முடி வரிசை) மூச்சுத்துளைக்கு முன்னால் இருக்கிறது. வெங்காய இலைப்பேன் சேர்ந்த த்ரிப்ஸ் பேரினமாக இருந்தால் பின்னால் இருக்கும். ஆக, மேற்கத்திய மலர் இலைப்பேனின் பேரினமான ஃப்ராங்க்லினியெல்லா. அதே கண்டத்தின் பின்விளிம்புச் சீப்பும் முழுசாக இருக்கிறது, அதனால் அந்தப் பேரினத்தின் ஷுல்ட்சி இனம் இல்லை. கண்ணுக்குப் பின்னுள்ள நான்காம் முடி நல்ல நீளம், இன்னொரு இனமான இன்டோன்சாவுக்கு அது குட்டை. ஆக்சிடென்டாலிஸ்தான், அதாவது அந்த மேற்கத்திய மலர் இலைப்பேன்தான், என்று எழுதக் கை பரபரக்கிறது.

ஆனால் பின்மார்பின் மேல்தகட்டில் இருக்க வேண்டிய இரண்டு உணர்துளைகள் என் ஸ்லைடில் தெளிவாக இல்லை. அதைப் பார்க்காமல் பெயர் எழுதினால் வாத்தியார் கனவில் வந்து காதைத் திருகுவார்.

விளையாட்டை விடு, மணி. ஆக்சிடென்டாலிஸ் பல மருந்துகளுக்கு மசியாத பூச்சி. பூக்கும் நேரத்தில் சேகர் அடித்தால் தேனீயும் சிலந்திப்பேனைத் தின்னும் நல்ல பேன்களும் போகும். அது மட்டும் மிஞ்சும். சும்மா விடவும் பயம்தான். பிஞ்சில் முட்டை செருகினால் கரும்புள்ளியும் அதைச் சுற்றி வெள்ளை வளையமும் விழும், பச்சைத் திராட்சையில் பளிச்சென்று தெரியும். தவிர, நான் பார்த்தவை எல்லாம் வளர்ந்தவை. கொடிக்குக் கீழே பூத்திருக்கும் களைகளிலிருந்து மகரந்தம் தின்னத் தாவி வந்தவையாகவும் இருக்கலாமே? கொடியிலேயே பெருகுகிறதா என்று சொல்ல இளம்புழு வேண்டும். இப்போது அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்லைடுகளில் இரண்டை உனக்கு அனுப்புகிறேன். உன் மைக்ரோஸ்கோப் என்னுடையதைவிட நல்லது என்று பீற்றிக்கொள்வாயே, அந்த உணர்துளை இருக்கிறதா என்று பார். அப்புறம், சேகர் உன்னிடம் மருந்து கேட்டால் வாயைத் திறக்காதே.

உன்,
ரகு