கண்ணாடி முன்னால் உட்கார்

அன்புள்ள கண்ணு,

நீ மறுபடி வரைய ஆரம்பித்ததில் அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். வரைவதற்கு யாரும் அசையாமல் உட்கார மாட்டேன் என்கிறார்கள் என்றாய். சரி, நீயே உட்கார். அதைக் கர்வம் என்று நினைத்துக்கொள்ளாதே. ஐரோப்பாவில் வெகுகாலம் பெண்களுக்கு மாடலை வைத்து உடல் வரையப் பழகும் வாய்ப்பே கிடையாது. காசு கேட்காமல் உட்கார்ந்தவள் கண்ணாடிக்குள் இருந்தவள்தான். 1548இல் காத்தரீனா வான் ஹெமெஸ்ஸென் என்ற ஓவியர் தன்னை வரைந்து, வரைந்தது நான்தான், வயது 20 என்று படத்திலேயே எழுதி வைத்தாள்.

உன் ஊருக்குப் பக்கத்திலேயே, வாஷிங்டன் நேஷனல் கேலரியில், யூடித் லெய்ஸ்டர் சுமார் 1630இல் வரைந்த தன்னுருவம் இருக்கிறது. நெதர்லாந்தின் ஹார்லெம்காரி, அப்போது இருபதை ஒட்டிய வயது. நாற்காலியில் முழங்கையை ஊன்றி, யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பி, பேச வாய் திறக்கிறாள். தூரிகை வலக்கையில். கண்ணாடியில் அது இடக்கையாகத் தெரிந்திருக்கும், மாற்றிப் போட்டிருக்கிறாள். அகலமான லேஸ் கழுத்துப்பட்டையோடு யாராவது எண்ணெய் வண்ணத்தைத் தொடுவார்களா? நான் பழைய நைட்டியில்தான் வரைகிறேன். ஓவியத்துக்குள்ளேயே அவள் வரைந்துகொண்டிருக்கும் படத்தில் ஒருவன் சிரித்துக்கொண்டே வயலின் வாசிக்கிறான். அகச்சிவப்புக் கதிரில் பார்த்தபோது அவனை வரைந்த வண்ணத்துக்கு அடியில் ஒரு பெண்முகம் தெரிந்ததாம். உருவப்படமும் வரைவேன், கேளிக்கைக் காட்சியும் வரைவேன் என்று வாடிக்கையாளருக்குக் காட்டத்தான் மாற்றினாள் என்று எனக்குப் படுகிறது.

1633இல் ஊர் ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானாள். தன்னிடம் படித்த பையன், பிரான்ஸ் ஹால்ஸ் என்ற பேர்பெற்ற ஓவியரின் பட்டறைக்குத் தாவிவிட்டான் என்று 1635இல் சங்கத்தில் முறையிட்டாள். சும்மா விடுகிறவள் இல்லை. 1636இல் கல்யாணம், அப்புறம் படங்கள் குறைந்துபோயின. ஏன் என்று உனக்கு நான் சொல்லவா வேண்டும்?

அவள் போனபின் அந்த ஹால்ஸ் பெயரிலேயே அவள் படங்கள் விலைபோயின, இந்தத் தன்னுருவம் உட்பட. 1893இல்தான் 'ஹால்ஸ்' படம் ஒன்றில், ஜே, எல் எழுத்துகளோடு நட்சத்திரம் சேர்ந்த அவளுடைய கையொப்பத்தை ஓர் ஆய்வாளர் அடையாளம் கண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டுப் போய்ப் பார். நுழைவுக் கட்டணம் இல்லை. படத்தை இப்போது மாட்டியிருக்கிறார்களா என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள். பென்சிலும் நோட்டும் எடுத்துப் போ. அந்த இரண்டு கைகளை மட்டும் வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. கீழே உன் பெயரையும் தேதியையும் போடு.

அம்மா