அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) அம்மாமார் சார்பில் சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு

அன்புள்ள சட்ட உதவி மையத்துப் பிள்ளைகளுக்கும் உங்களை வழிநடத்தும் பேராசிரியருக்கும்,

அம்மாவுக்கும் கூட வேலை பார்த்தவர்களுக்கும் பணிக்கொடை (கிராஜுட்டி) பணம் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது. போனில் சொல்லிவிட்டேன், ஆனாலும் நீங்கள் செய்தது நம்ம ஊரில் நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்தில் அண்டி ஆபீஸ் வேலை என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் உட்கார்ந்தால் அண்டியைத் தல்லிக்கொண்டே, அதாவது அடித்து உடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், தோட்டு எண்ணெய் பட்டு விரல் நுனி வெந்து கறுக்கும், சாம்பலைத் தொட்டுக்கொண்டு திரும்பவும் தல்லுவார்கள். வயசு முழுக்க அப்படி உழைத்தவர்களை, இடையிடையே வேலைக்கு வரவில்லை, உங்களுக்கு ஒன்றும் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அண்டி வரத்து இல்லை என்று ஆலையைப் பூட்டிப் போட்டது யாராம்?

நீங்கள் முகாமுக்கு வந்தபோது மேடை போட்டுப் பேசவில்லை. பாயில் உட்கார்ந்து கணக்கு போட்டுக் காட்டினீர்கள். அம்மாமார் வேலை பார்த்த காலத்துக்கு 1972ஆம் வருஷத்துச் சட்டம்தான், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வகுக்க வேண்டும், கடைசிச் சம்பளம் 13,000 ரூபாய், 20 வருஷம் வேலை என்றால் 1,50,000 ரூபாய் வரும் என்று நீங்கள் சொன்னதும், "மக்களே, எனக்க கணக்கையும் ஒண்ணு போடு" என்று ஒவ்வொருத்தராக நெருங்கி வந்தார்கள்.

ஆதாரத்துக்குத்தான் பெரும்பாடு. அம்மாவின் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) அட்டையைப் பாதி பூச்சி அரித்துவிட்டது, நல்லவேளை, வேலைக்குச் சேர்ந்த தேதி தப்பித்துக் கிடந்தது. வருஷத்துக்கு 240 நாள் வேலை பார்த்ததைக் காட்ட, இஎஸ்ஐக்குப் பணம் கட்டிய மாதங்களை எடுத்து நாள் நாளாகக் கூட்டி எழுதினீர்கள். பரீட்சை நேரத்திலும் விடவில்லை. அப்புறம், மனுவை நீங்களே எழுதி நீட்டிவிடாமல் ஒவ்வொரு பத்தியையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினீர்கள், அதனால் தொழிலாளர் துறை அதிகாரி கேட்டபோது அம்மா தானே பதில் சொன்னாள். எனக்குப் பணத்தைவிட அதுதான் பெரிசு.

நாகர்கோவில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமாக வந்த வக்கீலுக்கும், அலுவலகத்துக்குக் கூடவே அலைந்த தன்னார்வலர் அக்காவுக்கும் நன்றி. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு என்பது அந்த அக்கா சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். 15100க்கு போன் பண்ணினாலே போதுமாம், செலவில்லை.

மாதிரி நீதிமன்றப் போட்டியில் உங்கள் அணி பரிசு வாங்கியது கேட்டு எங்கள் தெருவே சந்தோஷப்பட்டது. முகாமில் கணக்கு போட்ட பிள்ளை இப்போது வக்கீலாகப் பதிவு செய்து மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் ஜூனியராக இருக்கிறாளாம், அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

தொலி உரிக்கும் பிரிவில் இருந்தவர்களுக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த முகாமுக்கு வருகிறவர்கள் இஎஸ்ஐ அட்டை, பிஎஃப் சீட்டு, பழைய சம்பளச் சீட்டு, கிழிந்திருந்தாலும் சரி, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.