வீட்டுவேலைக்குச் சம்பளம் கேட்டால் ஆச்சரியக்குறியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த பெண்ணியம் பற்றிய அறிமுகக் கட்டுரையைப் படித்தேன். தாராளவாதப் பெண்ணியம், மார்க்சியப் பெண்ணியம், தீவிரப் பெண்ணியம், கறுப்பினப் பெண்ணியம் என்று பெட்டி பெட்டியாகப் பிரித்து ஆளுக்கு மூன்று வரி கொடுத்திருந்தீர்கள். சரி, இடம் குறைவு, புரிகிறது. ஆனால் மார்க்சியப் பெட்டியின் கடைசி வரி இப்படி இருக்கிறது: "வீட்டுவேலைக்குச் சம்பளம் கேட்ட வேடிக்கையும் நடந்தது!"

உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப்போகிறேன்? 1972இல் இத்தாலியின் படுவாவில் தொடங்கிய இயக்கம் அது. மரியாரோசா டல்லா கோஸ்டா, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெடரிச்சி போன்றவர்கள் கேட்டது கைச்செலவுக்குக் காசு அல்ல. தொழிலாளி மறுநாள் காலையில் வேலைக்கு வந்து நிற்கவேண்டுமானால் யாரோ ஒருத்தி சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்த்தாக வேண்டும், முதலாளிக்கு இரண்டு பேர் உழைப்பு கிடைக்கிறது, கூலி மட்டும் ஒருவருக்குத்தான் என்றார்கள். சம்பளம் கேட்டால்தான் அது வேலை என்றே மற்றவர்களுக்கு உறைக்கும், உறைத்தால்தான் ஒருநாள் "செய்யமாட்டேன்" என்றும் சொல்லமுடியும். இதை எதிர்த்தவர்களிலும் பெண்ணியவாதிகள் உண்டு. கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வீட்டில் கூலிக்குச் செய்தது இதே வேலைதான், அதனால் அவர்களுக்கு விடுதலை வந்துவிடவில்லையே என்று அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணியவாதி ஆஞ்சலா டேவிஸ் 1981இல் எழுதினார். அந்த வாதப் பிரதிவாதத்தைச் சேர்த்திருந்தால் கட்டுரைக்கு உயிர் வந்திருக்கும். உங்களுக்கு ஓர் ஆச்சரியக்குறி போதுமாக இருந்திருக்கிறது.

என் மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த வருடங்களில் நான்தான் பார்த்துக்கொண்டேன். முதுகில் புண் வராமல் இருக்க ராத்திரியில் எழுந்து எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அந்தச் சமயத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். படிவம் நிரப்பியவர் தலை நிமிராமல், "வேலைக்குப் போறீங்களாம்மா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப சும்மாதான் இருக்கீங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தொழில் என்ற கட்டத்தில் ஒரு கோடு கிழித்தார். வெறும் கோடு. பிற்பாடு அதே வேலைக்குப் பகலில் ஒரு நர்ஸை வைத்தோம். அவருடைய சம்பளம் நாட்டின் உற்பத்திக் கணக்கில் சேரும், என் ராத்திரி சேராது. நியூசிலாந்தைச் சேர்ந்த பெண்ணியப் பொருளாதார அறிஞர் மரிலின் வேரிங் 1988இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியது இந்தக் கணக்கைப் பற்றித்தான்.

1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது பெண்கள் அலுவலக வேலை, வீட்டுவேலை எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். அப்பாக்கள் பிள்ளைகளை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதுவும் வேடிக்கைதானே சார்?

எழுத ஆரம்பித்தாயிற்று, மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் த பொவ்வாரின் 'இரண்டாம் பாலினம்' வெளிவந்தது 1949இல். நீங்கள் 1969 என்று போட்டிருக்கிறீர்கள். போதாக்குறைக்கு அவரை அறிமுகப்படுத்தியதே "தத்துவஞானி சார்த்தரின் தோழி" என்று! அந்தப் புத்தகத்தின் முதல் பக்கங்களையாவது யாராவது புரட்டியிருந்தால், பெண்ணை எப்போதும் ஆணை வைத்தே அடையாளம் சொல்வதைத்தான் அவர் கேள்வி கேட்கிறார் என்று தெரிந்திருக்கும்.

குறுக்குவெட்டுத்தன்மை என்பது "பல ஒடுக்குமுறைகளைக் கூட்டிப் பார்ப்பது" என்கிறது இன்னொரு பெட்டி. அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் அதை எழுதியது, கூட்டிப் பார்த்தாலும் சிலர் கணக்கில் வராமல் போவதைக் காட்டத்தான். அவர் எடுத்துக்காட்டிய ஒரு வழக்கில், கார் நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருந்தது, அவர்கள் வெள்ளையர்கள். கறுப்பினத்தவரையும் எடுத்திருந்தது, அவர்கள் ஆண்கள். கறுப்பினப் பெண்கள் கடைசியில் சேர்க்கப்பட்டு, ஆள்குறைப்பில் முதலில் வெளியேற்றப்பட்டார்கள். பாலினம், இனம் இரண்டையும் சேர்த்து வழக்குப் போட முடியாது என்றது நீதிமன்றம். தனித்தனியாகப் பார்த்தால் கறுப்பினப் பெண்களுக்கு நடந்தது கண்ணிலேயே படாது. இதைச் சொல்ல நான்கு வரி ஆகியிருக்குமா?

உங்கள் மகளிர் தின இதழ்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். உரிமைகள் பற்றி ஒரு கட்டுரை, அதை ஒட்டியே முகப்பொலிவுக்கு ஆறு பக்கம். அதைக் கண்டித்து நான் எழுதிய கடிதத்தில், மரியாதைக்காக முதலில் எழுதிய பாராட்டு வரியை மட்டும் வெட்டி எடுத்துப் பிரசுரித்தீர்கள். என் வீட்டில் எல்லோரும் படித்துவிட்டு, "பரவாயில்லையே, புகழ்ந்திருக்கியே" என்றார்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இணையப் பதிப்பில் 1969ஐ 1949 என்று திருத்துங்கள், சார்த்தரை எடுத்துவிடுங்கள். இந்தக் கடிதத்தைப் போடுவதானால் முழுதாகப் போடுங்கள். இந்த முறை வெட்டி எடுக்கப் பாராட்டு வரி எதுவும் வைக்கவில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி