போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல்

அன்பு மகளுக்கு,

வேலை மாறப்போவதாக நீ சொன்னபோது நான் பேசாமல் இருந்தது உனக்கு உறுத்தியிருக்கும். மனதுக்குள் வந்துவிட்ட பதில் வாய்க்கு வர இப்போது நேரமாகிறது, கண்ணு. அதற்குள் நீ "சரிப்பா, வைக்கிறேன்" என்றுவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். எழுத்து போகப்போகக் குறுகி எறும்பு ஊர்வதுபோல ஆகிவிடும். பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் பிடித்த கை அப்படித்தான், பொறுத்துப் படி.

நரம்பு நோயாளிகளுக்குத் துணையாக நின்று பேசும் வேலை என்றாய். சம்பளம் குறைவாமே. அது உன் கணக்கு, நான் தலையிடவில்லை.

இடுப்பெலும்பு முறிந்து நான் படுத்திருந்த நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? மூளையில் குறைந்துபோன டோபமினை ஈடுகட்டுகிற என் லெவோடோபா மாத்திரை எட்டு மணிக்கு. வார்டில் மாத்திரை வண்டி வருவது பத்து மணிக்கு. எட்டரைக்கே உடம்பு கட்டையாகிவிடும். புரண்டு படுக்க முடியாது, விழுங்கக்கூடத் திணறல். வந்து பார்த்தவர்கள் கேஸ் ஷீட்டில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஒருநாள் வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு ஊசியோடு வந்தார் நர்ஸ். அது மூளையில் டோபமினைத் தடுக்கிற மருந்து, எங்களுக்கு ஆகாது. அம்மாதான் "டாக்டரை ஒருதடவை கேட்டுட்டுப் போடுங்க" என்று குறுக்கே நின்றாள். மறுநாள் ஒரு அட்டையில் மாத்திரை நேரங்களைப் பெரிதாக எழுதிக் கட்டில் தலைமாட்டில் கட்டிவிட்டாள். அப்புறம்தான் எட்டு மணி எட்டு மணியாயிற்று. பிரிட்டனில் பார்க்கின்சன் நோயாளிகளின் அமைப்பு இதற்கென்றே ஓர் இயக்கம் நடத்துகிறது. மாத்திரை அரைமணிக்கு மேல் தாமதமாகக் கூடாது என்கிறார்கள். அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. அட்டை இருந்தது, குரல் இருந்தது.

அதே அம்மாமேல் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு (இதை அவளிடம் படித்துக் காட்டாதே). டாக்டர் "ராத்திரி தூங்குறாரா?" என்று அவளைப் பார்த்துக் கேட்பார். அவளும் உடனே சொல்லிவிடுவாள். நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சு மலச்சிக்கலுக்குப் போயிருக்கும். கனவில் கத்திக்கொண்டு கையை வீசுகிறேன் என்பதைச் சொல்ல எனக்கு மூன்று தடவை போக வேண்டியிருந்தது.

நீயும் இதைச் செய்வாய். நல்ல மனசுக்காரர்கள்தான் அதிகம் செய்கிறார்கள். பக்கவாதத்தில் பேச்சுப் போனவருக்குச் சொல்ல வேண்டியது தெரியும், வார்த்தைதான் அகப்படாது; நீ எடுத்துக் கொடுத்தால் அது உன் வார்த்தையாகிவிடும். மனதுக்குள் பத்து வரை எண்ணு. ஆம், இல்லை என்று தலையசைக்கிற மாதிரி கேள். வலிப்பு நோய்க்காரர் பேசுவார், ஆனால் வேலை போய்விடுமோ என்று நோயையே மறைப்பார். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு இருக்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் பத்தில் ஏழு பேர் வலிப்பே வராமல் வாழலாம். நரம்பு நோய்களுக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் 2031 வரை ஒரு செயல்திட்டம் வைத்திருக்கிறது. அது கட்டில்வரை வந்து சேர உன்னை மாதிரி ஆட்கள் வேண்டும்.

எட்டாகப் போகிறது, மாத்திரை போட வேண்டும். இந்த வரி உனக்குத் தெரிகிறதா என்றே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அம்மா எடுத்தால் என்னிடம் கொடுக்கச் சொல். அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலைச் சொல்கிறேன், அவசரமாக வைத்துவிடாதே.

அப்பா