கோத்தகிரி நூலகத்தில் உதவிய அக்காவுக்கு

பெயர் தெரியாத அந்த அக்காவுக்கு எங்கள் வீட்டார் எல்லோருடைய நன்றியும். போன மழைக்காலத்தில் என் தங்கை குரூப் 4 தேர்வுக்குப் படிக்கப் புத்தகம் தேடி கோத்தகிரி நூலகத்துக்கு வந்திருந்தாள். நீங்களும் அங்கே படிக்க வந்தவர்தான். விலை கூடிய கைடுகளை வாங்கச் சொல்லாமல், ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடநூல்களை முதலில் முடிக்கச் சொன்னீர்கள். அவை பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் லைன் வீட்டில் சிக்னல் நிற்காது. அதைக் கேட்டதும் உங்கள் படிப்பை ஓரமாக வைத்துவிட்டு, நூல்களை போனில் இறக்கி, பாடவாரியாகப் பிரித்து வைக்கச் சொல்லிக்கொடுத்தீர்கள். அம்மா கொழுந்து பறிக்கும் கூலியில் கோச்சிங் சென்டருக்குக் கட்ட வழியில்லை. அதனால் இது எங்களுக்குச் சின்ன உதவி இல்லை.

அப்புறம், கதை படிப்பதையும் விட்டுவிடாதே என்று சொல்லி, தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றும் முயற்சியாக 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களையும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் காட்டினீர்கள். இரண்டுக்கும் காசு வேண்டாம்.

நூலகம் நாம் கட்டும் வரியில் நடப்பது, மலையில் இருக்கும் பிள்ளைகள் யாரும் தயங்காமல் உள்ளே போகலாம். தங்கை இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறாள். ரொம்ப நன்றி அக்கா.